பகலில் தெரிகிறது, இரவில் தெரிவதில்லை: அலுவலகத்தில் எதை, எப்போது சொல்வது?

கேள்வி: கோவை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். அதுவரை வீட்டில் மாலைக்கண் என்றே எண்ணி, முருங்கைக்கீரை, கேரட், மீன் எண்ணெய் மாத்திரை என்று எதையும் விட்டுவைக்காமல் கொடுத்து வந்தார்கள். சத்துக் குறைவால் வருவது வேறு, பரம்பரையாக வரும் இது வேறு என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. என் தந்தை என் தாய்க்குத் தாய்மாமன்.

இப்போதைக்கு என் நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. எக்செல் கட்டங்களில் உள்ள எண்களைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். தூரத்தில் வரும் பேருந்தின் தட எண்ணையும் மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவேன். பக்கவாட்டிலும் கீழேயும் இருப்பவைதான் தெரிவதில்லை. யாராவது கைகுலுக்கக் கையை நீட்டினால், அந்தக் கை என் பார்வைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன், அவர் கையை மெல்ல இழுத்துக்கொள்வார். மேசை ஓரத்தில் வைத்த டீ டம்ளரைத் தட்டிவிடுகிறேன். திறந்து கிடக்கும் கீழ் இழுப்பறையில் முழங்காலை இடித்துக்கொள்கிறேன். வெயிலிலிருந்து மங்கலான படிக்கட்டுக்குள் நுழைந்தால், சுவரைத் தொட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்ற பிறகே காலை எடுத்து வைக்க முடிகிறது. இவற்றையெல்லாம் பார்க்கும் சக ஊழியர்கள் என்னைக் கவனக்குறைவானவள் என்றும், ஆளைக் கண்டுகொள்ளாத திமிர் பிடித்தவள் என்றும் பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது.

அண்மையில் எனக்குக் கிடங்கில் இருப்புச் சரிபார்க்கும் வேலையும் கொடுத்திருக்கிறார்கள். அது மாலை ஆறு மணிக்கு மேல்தான் நடக்கும். அங்கே விளக்கு வெளிச்சம் மிகக் குறைவு, தரையெல்லாம் மூட்டைகள். அலுவலகத்தில் இன்னும் யாரிடமும் நான் எதையும் சொல்லவில்லை. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். திருமணம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான கட்டளை. எனவே இங்கே இருப்பவர்களிடம் கேட்கிறேன். வெளியே தெரியாத குறைபாட்டோடு வேலை செய்கிறவர்கள் அதை யாரிடம், எந்த அளவுக்குச் சொன்னீர்கள்? இவ்வளவு தெளிவாகப் படிக்க முடிகிற எனக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்க உரிமை உண்டா?

பதில்: வைகைக்கரை

சகோதரிக்கு வணக்கம். எனக்கும் இதே நோய்தான். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கியில் பணியாற்றுகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை அனைத்தும் அதைச் சார்ந்தே இருக்கின்றன.

உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பார்வைக் குறைபாட்டை எழுத்துப் பலகையைப் படிக்கும் திறனை மட்டும் வைத்து அளக்கவில்லை; பார்வைப் புலம், அதாவது தலையையும் கண்ணையும் அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. புலம் 40 பாகைக்குக் கீழே குறைந்து 10 பாகைவரை இருந்தால் அது குறைபார்வை. 10 பாகைக்கும் கீழே போனால், எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும்கூடச் சட்டத்தின் கண்ணில் அது பார்வையின்மை. இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவருக்குக் கிடைமட்டமாக ஏறக்குறைய 180 பாகை தெரிகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் எவ்வளவு சிறிய சாளரத்தின் வழியாக உலகத்தைப் பார்க்கிறோம் என்பது விளங்கும். விழித்திரையின் ஓரங்களில் நிறைந்திருக்கும், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் இந்த நோயில் முதலில் அழிகின்றன. நடுவில் இருக்கும் கூம்பு செல்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. அதனால்தான் இரவுப்பார்வை முதலில் போகிறது, ஓரப்பார்வை அடுத்துப் போகிறது, படிக்கும் பார்வை கடைசிவரை நின்று நம்மைப் பொய்யர்கள் ஆக்குகிறது.

பொய்யர்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. வெண்கோல் எடுக்கத் தொடங்கிய புதிதில், பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு இளைஞர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன், கோலை மடித்து மடியில் வைத்தேன், அலைபேசியில் வந்த செய்தியை எடுத்துப் படித்தேன். பின்னிருக்கையிலிருந்து, "கண்ணு தெரியாதவரு வாட்ஸ்அப் பாக்குறாரு, பாருங்க" என்று ஒரு குரல் வந்தது. பேருந்தே சிரித்தது. அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கேட்டால், அவருடைய இரண்டு கைகளையும் குழல்போல் சுருட்டிக் கண்களில் வைத்துக்கொள்ளச் சொல்லி, "இப்படியே எழுந்து இறங்கிப் பாருங்கள்" என்கிறேன். விரிவுரை ஆற்றுவதைவிட இது விரைவில் வேலை செய்கிறது.

சான்றிதழுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வழங்கும் அரசின் யூடிஐடி இணையதளத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் அனுப்புவார்கள். போகும்போது பார்வைப் புலப் பரிசோதனையின் அச்சுப் பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான் சென்ற இடத்தில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், கடைசி வரிவரை படித்தேன், "உங்களுக்கு என்ன குறை?" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். புலப் பரிசோதனையைக் காட்டி, சட்டத்தின் அட்டவணையைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்ட பிறகே முழுமையாக மதிப்பிட்டார்கள். குறைபாட்டை 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்டால் அரசு வேலைகளில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வருமான வரியில் 75,000 ரூபாய்க் கழிவும் உண்டு. அலுவலகத்தில் உடனே காட்டப்போவதில்லை என்றாலும் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு தகராறு வந்த பிறகு வாங்கப் போனால், தகராறுக்காக வாங்கியது என்பார்கள்.

அலுவலகத்தில் சொல்வதைப் பொறுத்தவரை என் கருத்து இது. நோயின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். பெயரைச் சொன்ன மறுகணமே எதிரில் இருப்பவர் அலைபேசியில் தேடி, "குருடாகிவிடும்" என்ற வரியைப் படித்துவிட்டு, உங்களை ஓர் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்போலப் பார்ப்பார். உங்களால் எந்த வேலை எந்தச் சூழலில் முடியாது என்பதைச் சொல்லுங்கள். "மங்கலான வெளிச்சத்தில் தரையில் இருப்பவை எனக்குத் தெரியாது, எனவே கிடங்கு வேலையைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று சொன்னால், மேலாளர் பதில் சொல்ல வேண்டியது ஒரு நேர மாற்றத்துக்கு மட்டுமே. என் வங்கியில் பணப்பெட்டக அறைப் பொறுப்பை மாற்றிக் கேட்டபோது நான் இப்படித்தான் தொடங்கினேன். நான் அரசுத்துறை நிறுவனத்தில் இருப்பதால், பணியில் சேர்ந்த பிறகு குறைபாடு வந்தாலும் வேலையிலிருந்து நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்ற, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவின் பாதுகாப்பு எனக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியாரில் இருக்கும் உங்களுக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது.

ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை விழித்திரை மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்தாதீர்கள். இந்த நோயோடு சேர்ந்து வரும் கண்புரைக்கும் விழித்திரையின் நடுவில் ஏற்படும் வீக்கத்துக்கும் சிகிச்சை உண்டு. முற்றிலும் குணப்படுத்துவதாக வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சைகூட ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவின் கோளாறுக்கு மட்டுமே உரியது. வைட்டமின் ஏ மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் சாப்பிடக் கூடாது. அது கல்லீரலைப் பாதிக்கும், கருவுற்றிருக்கும் காலத்தில் குழந்தைக்கும் ஆபத்து.

பதில்: நெல்லைத் தோழி

வைகைக்கரை ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். "சொல்லுங்கள்" என்பதை மட்டும் அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. எனக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே வலிப்பு நோய் இருக்கிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதால் பல ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு பள்ளியில் ஆசிரியர் பணிக்கான நேர்காணலில், நேர்மையாக இருக்க வேண்டும் என்று எண்ணி நானாகவே சொன்னேன். அதுவரை பாடம் நடத்தும் முறையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அதன் பிறகு, குழந்தைகள் பயந்துவிடுவார்களே என்பதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதான் என்று எழுத்தில் யாரும் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? மேலும், சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்வைக் குறைபாடு பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது, வலிப்பு நோய் அப்படி இடம்பெறவில்லை. எனவே உங்களுக்கு இருக்கும் பிடிமானம் எல்லாருக்கும் இல்லை.

இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். வேலை உறுதியான பிறகு, என் அறைக்கு அடுத்த வகுப்பில் இருக்கும் இரண்டு ஆசிரியைகளிடம் மட்டும் சொன்னேன். அவர்களிடம் சொன்னது பரிவைத் தேடி இல்லை. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அருகில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் ஊரில் முதலில் ஓடிப்போய்த் தேடுவது சாவிக்கொத்தைத்தான். என் உள்ளங்கையில் இரும்பை அழுத்தி வைத்ததால் உண்டான தழும்பு இன்றும் இருக்கிறது.

திருமணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டாரின் கட்டளையைப் படித்தபோது என் அம்மாவின் குரலே கேட்டது. இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி வரும் வலிப்பு நோய் திருமணத் தகுதியைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து போனது உறவினர்களின் பேச்சிலிருந்து போகவில்லை. இருந்தும் நான் மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டார் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்ததால், மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசக் கேட்டு, மாத்திரையின் பெயரையும் மருத்துவரின் எண்ணையும் கொடுத்துவிட்டு, "விசாரித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்றேன். சில வரன்கள் போயின. அம்மா என்னோடு பல நாள் பேசவில்லை. இப்போது என் கணவராக இருப்பவர் அந்த மருத்துவரைப் போய்ப் பார்த்தார். தினமும் இரவில் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தில் வாழ்ந்திருக்க வேண்டுமே என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடல் கூசுகிறது. அலுவலகத்தில் தேவையான அளவு சொன்னால் போதும். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முழுவதையும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் நோய் பரம்பரையாக வருவதால், மரபணு ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். முக்கியமாக, சொந்தத்தில் வரன் பார்த்தால் "வேண்டாம்" என்று சொல்வதற்கு உங்களிடம் மருத்துவக் காரணமே இருக்கிறது.

பதில்: மனிதவளம்

நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன்; மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தனியார் நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியில்லை. 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தாலும், அந்தப் பதிலே பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட நேர்ந்தால் உதவும்.

கோரிக்கையை வாய்மொழியாகப் பேசிவிட்டு, அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். சிறியதாக, செலவில்லாததாக, தேதியோடு எழுதுங்கள்: கிடங்கு வேலை பகலில், படிக்கட்டு விளிம்புகளில் மஞ்சள் நாடா, இழுப்பறைகளை மூடி வைக்க வேண்டும் என்ற ஒரு பொது அறிவிப்பு. நிறுவனத்துக்கு மிகையான சுமையாக இல்லாத மாற்றங்களைச் செய்து தருவது சட்டம் எதிர்பார்க்கும் கடமை. உங்கள் சதவீதம் 40க்குக் கீழே வந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தெளிவுபடுத்தியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுடைய அவருக்கு, 40 சதவீதம் இல்லை என்பதால் குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டது. அந்த வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, தேவையான மாற்றத்தைக் கேட்கும் உரிமைக்கு அது தடையாகாது என்று நீதிமன்றம் கூறியது. அவருடைய குறையும் பார்த்தால் தெரியாத ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சக ஊழியர்களிடம் பரவுவதற்கு முன்பே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். தேநீர் இடைவேளைப் பேச்சாக முதலில் காதில் விழும் செய்தியை மேலாளர்கள் பெரும்பாலும் நல்ல மனநிலையில் எடுத்துக்கொள்வதில்லை.

பதில்: இலண்டன் யாழ்ப்பாணத்தார்

முடக்குவாதத்தோடு வாழ்கிறேன். இங்கே 2016இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டியைக் கழுத்தில் அணிந்துகொண்டால், "இவருக்கு வெளியே தெரியாத குறை ஒன்று இருக்கிறது, சற்று நேரம் கொடுக்க வேண்டும்" என்று பணியாளர்கள் புரிந்துகொள்கிறார்கள். பெங்களூரு விமான நிலையத்திலும் அது வந்திருப்பதாக அங்கே இறங்கியபோது கண்டேன். அந்தப் பட்டிக்குச் சட்ட வலு கிடையாது. விரும்பியவர் எவரும் வாங்கி அணியலாம், அதனால் சந்தேகப்படுகிறவர்கள் இங்கேயும் சந்தேகப்படத்தான் செய்கிறார்கள். கைகளை வீங்கவிட்டுக்கொண்டு ரயிலில் நிற்பதைவிட அந்தச் சந்தேகம் எனக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. விழித்திரை நோய்க்கு வெண்கோலே தெளிவான அடையாளம் என்பதால், அதை எடுக்கத் தயங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்: கோவை வாசகி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நெல்லைத் தோழி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. அத்தை மகன் ஒருவரைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள், மரபணு ஆலோசனை என்ற சொல்லைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றிருக்கிறது. யூடிஐடி விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கிவிட்டேன். மேலாளருக்கான மின்னஞ்சலையும் எழுதி வைத்திருக்கிறேன், கிடங்கு வேலையைப் பற்றி மட்டும். நோயின் பெயர் அதில் இல்லை.

இன்னும் ஒரு ஐயம் இருக்கிறது. காலையில் வெளிச்சத்தில் மட்டும் ஸ்கூட்டர் ஓட்டி அலுவலகம் போகிறேன், மாலையில் தம்பி வந்து அழைத்துப் போகிறான். சான்றிதழ் வாங்கினால் ஓட்டுநர் உரிமத்துக்குச் சிக்கல் வருமா?

பதில்: வைகைக்கரை

சகோதரி, இதில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமம் பெறும்போது நாம் கையொப்பமிடும் முதலாம் படிவத்தில், வலிப்பு வருமா என்ற கேள்வியோடு, மாலைக்கண் உண்டா என்ற கேள்வியும் தனியாக இருக்கிறது. அங்கே "இல்லை" என்று எழுதியிருந்தால் அது தவறான உறுதிமொழி. சான்றிதழ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும். பகல் வெளிச்சம் உங்கள் ஓரப்பார்வையைத் திருப்பித் தந்துவிடாது. சந்திலிருந்து குறுக்கே ஓடிவரும் குழந்தை, நீட்டிய கையைப் போலவே, உங்கள் புலத்துக்கு வெளியேதான் இருக்கும். கண் மருத்துவரிடம் புலப் பரிசோதனை முடிவைக் காட்டி, வண்டி ஓட்டலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். அதுவரை ஸ்கூட்டரைத் தொட வேண்டாம். காலையிலும் தம்பியே கொண்டுவந்து விடட்டும், அல்லது பேருந்தில் போங்கள். தட எண்ணைத்தான் மற்றவர்களுக்கு முன்பே படித்துவிடுகிறீர்களே.

மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் இங்கே ஒருமுறை பதிவிடுங்கள், நிறுவனத்தின் பெயரை நீக்கிவிட்டு. மனிதவளம் அவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள்.